மதுரை வெயிலில் வேட்டி சட்டைக்குள் வைத்துக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா?

கேள்வி: திருமங்கலம் நகை வணிகர்

அனைவருக்கும் வணக்கம். மதுரை தெற்காவணி மூல வீதிப் பட்டறைகளில் நகை செய்து வாங்கி, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி வரை உள்ள சிறு கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். வாரத்தில் மூன்று நாள் சரக்கோடு போய், இருட்டிய பிறகு பணத்தோடு திரும்புகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில் உசிலம்பட்டி தாண்டி இரண்டு பைக்குகளில் வந்தவர்கள் என் காரை மறித்து, கதவுக் கண்ணாடியில் கம்பியால் அடித்தார்கள். பின்னால் ஒரு லாரி வந்து வெளிச்சம் அடித்ததால் விட்டுவிட்டு ஓடினார்கள். அந்தப் புகாரின் நகலை இணைத்துத்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். வருவாய்த் துறை விசாரணையும் காவல் துறை விசாரணையும் முடிந்து, தடை செய்யப்படாத வகையில் ஒரு கைத்துப்பாக்கிக்கு இப்போது உரிமம் கிடைத்திருக்கிறது.

இதுவரை நான் துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. விதிப்படி உள்ள பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் முடித்திருக்கிறேன். நான் எப்போதும் வேட்டி சட்டைதான் அணிவேன். சட்டை மெல்லிய பருத்தி என்பதால் உள்ளே பனியன் போட்டாலும் இடுப்பில் எது இருந்தாலும் வெளியே தெரியும். ஆகவே கிடைப்பதிலேயே மிகச் சிறியதும் எடை குறைந்ததுமான ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் பிஸ்டல் தட்டையாக இருக்கும், அதையே வாங்குங்கள் என்கிறார். என் மைத்துனர் ரிவால்வர்தான் நம்பகமானது என்கிறார். எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது, நான் ஓட்டாத நாளில் ஓட்டுநரிடம் கொடுத்து வைக்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுபேதார், உசிலம்பட்டி

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். "மிகச் சிறியது" என்று தேடாதீர்கள். "நாள் முழுவதும் என் உடம்போடு இருக்கக்கூடியது, நான் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொள்ளக்கூடியது" என்று தேடுங்கள். இவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கடையில் போய் நிற்கும்போது வெவ்வேறு துப்பாக்கிகளைக் காட்டும்.

நம் நாட்டில் தேர்வு செய்ய அதிகம் இல்லை. 9 மி.மீ. விட்டமுள்ள தோட்டா போடும் துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகை என்பதால் அது உங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைச் சாதாரண மக்கள் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டதால், அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறிப் பல லட்சத்துக்கு விற்கின்றன. பெயருக்காக அவற்றில் பணத்தைப் போடாதீர்கள். மீதி இருப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32, அதாவது சுமார் 0.32 அங்குல விட்டமுள்ள தோட்டா போடுவதுதான். அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் செய்யும் பழைய மூன்று அங்குலக் குழல் ரிவால்வர், 2014இல் கான்பூரில் வெளியான 500 கிராம் எடையுள்ள நிர்பீக், 2023 ஆகஸ்டில் வந்த பிரபல், பிஸ்டலில் அஷானி ஆகியவற்றைத்தான் கடைகளில் அதிகம் காண்பீர்கள். இவை தவிர மேற்கு வங்கத்து ஈஷாப்பூரில் செய்த நிடர் என்ற பாயிண்ட் 22 ரிவால்வர் சுமார் 250 கிராம்தான் இருக்கும். "மிகச் சிறியது" என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கையில் வாங்கிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அத்தனை சிறிய பிடியில் வியர்த்த கையை வைத்து, பயத்தில் நடுங்கும்போது நேராகப் பிடிப்பது மிகவும் கடினம். குழல் குட்டையாக ஆக ஆகக் குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறது. கையின் சிறு அசைவும் குறியில் பெரிய பிழையாகிவிடும்.

படையில் நான் பழகியது ஈஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிஸ்டல். அதை எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படி இருந்தும் உங்களுக்கு ரிவால்வரையே சொல்கிறேன். பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கிய மேகசினைப் போட்டு, மேல்பகுதியான ஸ்லைடை முழுமையாகப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலோ, தோட்டா பழையதாக இருந்தாலோ, காலித் தோட்டா வெளியே போகாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அதைத் தட்டி, இழுத்து, மறுபடி ஏற்றுவதற்குக் கை தானாக ஓட வேண்டும்; அது ஆயிரம் முறை செய்தவனுக்குத்தான் வரும். ரிவால்வரில் தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். குழலில் ஏறிய ஒரு தோட்டா அப்படியே உள்ளே இருக்கும். வீடுகளில் துடைக்கும்போது நடக்கும் விபத்துகளில் நான் கேள்விப்பட்டவை பெரும்பாலும் இந்த ஒரு தோட்டாவால் நடந்தவை. ரிவால்வரைத் திறந்தால் ஆறு அறைகளும் கண்ணுக்கு நேரே தெரிகின்றன.

பிஸ்டல் தட்டையானது என்று கடைக்காரர் சொல்வது உண்மையே. ரிவால்வரின் சிலிண்டர் இடுப்பில் கொஞ்சம் புடைக்கத்தான் செய்யும். அதைச் சட்டையை ஒரு அளவு தளர்வாகவும் கட்டம் போட்ட துணியிலும் தைத்துச் சரிசெய்யலாம். வெள்ளைச் சட்டைதான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும்.

பழைய மாதிரி ரிவால்வரில் மேலே உள்ள தாழை விரலால் தள்ளினால் குழல் முன்பக்கம் மடங்கி, காலித் தோட்டாக்கள் தாமாக மேலே எழும்பும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். இரண்டையும் கடையிலேயே, காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொண்ட பிறகு, திறந்து மூடிப் பாருங்கள். சிலிண்டரை விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. சுத்தியலை, அதாவது தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் பின்பகுதியை, பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும் முறையில் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். அதைக் குறை என்று எண்ணாதீர்கள். தெரியாமல் விரல் பட்டுச் சுடாமல் காப்பது அந்தக் கனம்தான். சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு நடப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பழைய துப்பாக்கி வாங்கினால், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுங்கள். கீழே விழுந்தால் சுத்தியல் அடிபட்டு வெடிப்பதற்கு அப்போது இடமே இல்லை.

தோட்டா வாங்கும்போது வெறுமனே "பாயிண்ட் 32" என்று கேட்காதீர்கள். ரிவால்வருக்குரிய பாயிண்ட் 32 வேறு, பிஸ்டலுக்குரிய பாயிண்ட் 32 வேறு. ரிவால்வர் தோட்டா நீளமாக, அடியில் விளிம்பு அகன்று இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது. ஒன்றை மற்றதில் போடக் கூடாது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பாயிண்ட் 32 ரிவால்வரின் உதைப்பு அதிகமில்லை. ஆனால் துப்பாக்கி இலேசாக ஆகும் அளவுக்கு அதே தோட்டா கையில் பலமாக உதைக்கும். 700 கிராம் எடையுள்ளதை இடுப்பில் சுமப்பது முதல் வாரம் பாரமாக இருக்கும், பிறகு பழகிவிடும். 500 கிராம் உள்ளதை வாங்கி, உதைக்கிறதே என்று சுட்டுப் பழகாமல் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞர்

ஐயா, சுபேதார் அவர்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம் என்ற தொனியில் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் கடமை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 32ஆம் விதி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதானால் அதற்கென்று செய்த உறையில் போட்டு உடலோடு பிணைத்தோ, பையில் வைத்தோதான் செல்ல வேண்டும் என்கிறது. எப்படி எடுத்துச் சென்றாலும் அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சட்டைக்கு மேலே பிடி தெரியும்படி செருகிக்கொண்டு திருமண மண்டபத்தில் உட்காருவதும், கடையில் மேசை மீது எடுத்து வைப்பதும் உரிமத்தையே இழக்கச் செய்யும் செயல்கள். கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது.

பையில் வைக்க விதி இடம் தந்தாலும், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. நகைப் பையைப் பறிக்க வருகிறவன் உங்களிடம் உள்ள எல்லாப் பைகளையும் பறிப்பான். அப்போது துப்பாக்கியும் அவன் கைக்குப் போகும், பிறகு அது எங்கே வெடித்தாலும் முதல் விசாரணை உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கும்.

ஓட்டுநரிடம் கொடுத்து வைப்பது குற்றம். உரிமம் உங்கள் பெயருக்கு உரியது. நீங்கள் இல்லாத வண்டியில் அந்தத் துப்பாக்கி இருக்கவே கூடாது. டீ குடிக்க இறங்கும் ஐந்து நிமிடத்துக்கும் இது பொருந்தும். காரின் முன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் உரிமத்தில், அது எந்தப் பகுதிக்குள் செல்லும் என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். தேனி வேறு மாவட்டம். உரிமம் மதுரை மாவட்டத்துக்குள் மட்டும் என்று இருந்தால், ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போதே நீங்கள் உரிமம் இல்லாதவரைப் போல ஆகிவிடுவீர்கள். அப்படி இருந்தால் தொழிலின் காரணத்தைக் காட்டி, பரப்பை விரிவாக்கக் கேட்டு மனுக் கொடுங்கள். குமுளி தாண்டிக் கேரளத்துக்குள் போகும் நாள் வந்தாலும் இதே கேள்வி எழும். உரிமத்தை எப்போதும் துப்பாக்கியோடு வைத்திருங்கள்; ஆயுதச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் அலுவலர் கேட்டால் காட்டியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுவே முக்கியம். தற்காப்பு உரிமை இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது; 2024 ஜூலை 1 முதல் அதுவே நடைமுறை. உயிர் போய்விடும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில் நீங்கள் சுட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கக்கூடும். தேவைக்கு மேல் செய்த தீங்குக்கு அது நிற்காது. கொள்ளையில் அந்த உடனடி அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கிறது. பையைப் பறித்துக்கொண்டு பைக்கில் திரும்பி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், அன்று மாலை வரை புகார்தாரராக இருந்த நீங்கள் இரவில் குற்றஞ்சாட்டப்பட்டவராக இருப்பீர்கள். சரக்குக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் துப்பாக்கி வாங்குவதற்கு முன் அதை எடுங்கள். பை போனால் போகட்டும் என்று விட முடிந்தவரால்தான் விசையிலிருந்து விரலை எடுக்க முடியும்.

பதில் 3: மேலூர் அடகுக்கடை

வணக்கம். என் கணவர் இறந்த பிறகு பதினான்கு ஆண்டுகளாக மேலூரில் அடகுக்கடை நடத்துகிறேன். மூன்று அங்குலக் குழல் பாயிண்ட் 32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். இதுவரை அதை மனிதர் முன்னால் வெளியே எடுத்ததில்லை.

நிர்பீக் வந்தபோது பெண்களுக்கான துப்பாக்கி என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். அழகாக இருந்தது, இலேசாக இருந்தது. ஆனால் என் பழைய கனமான துப்பாக்கியில் எனக்குக் குறி நிற்கிறது என்பதால் மாற்றவில்லை. பெண் என்றால் இலேசானது வேண்டும் என்று பிறர் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

வழக்கறிஞர் ஐயா பையில் வேண்டாம் என்றார். வேட்டிக்கு அது சரி. சேலையில் இடுப்பில் உறை நிற்காது, ஆகவே நான் தோளில் குறுக்காக மாட்டும் பையில்தான் வைக்கிறேன். அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்கள் இடுப்பில் வைத்தாலும் உங்களுக்குப் பயன்படும். தொடக்கத்தில் உறை இல்லாமல், சாவிக் கொத்தும் சில்லறையும் இருந்த அதே அறையில் துப்பாக்கியையும் போட்டிருந்தேன். ஒரு நாள் கடையைத் திறக்கச் சாவியை இழுத்தபோது வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிறகுதான் பையை விரித்துப் பார்த்தேன். சாவி ஒன்று விசைக் காப்பு வளையத்துக்குள் நுழைந்து, விசைக்கு முன்னால் குறுக்காக நின்றது. சிலிண்டர் பாதி சுழன்றிருந்தது. அந்தக் கனமான இழுப்பு மட்டும் இல்லாவிட்டால் என் தொடையிலோ, பக்கத்தில் கதவைத் தூக்கிக்கொண்டிருந்த பையன் மீதோ பாய்ந்திருக்கும். அன்றே தோல் தைப்பவரிடம் போய், விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை ஒன்றைத் தைத்து, பைக்குள் தனி அறையில் பொருத்தினேன். அந்த அறையில் வேறு ஒரு குண்டூசிகூட வைப்பதில்லை.

வியர்வையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இடுப்பில் வைத்த இரும்பு இரண்டே நாளில் பழுப்பு நிறம் காட்டும். உறைக்கும் உடம்புக்கும் நடுவில் தோல் மடிப்பு ஒன்று இருக்கட்டும். இரவில் தோட்டாவை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மேலே துடையுங்கள். இரவு முழுவதும் தோலுறையிலேயே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை விடாது. தோட்டாவின் மேல் எண்ணெய் படக் கூடாது.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு முறை நான் ஒப்படைத்த இடத்திலிருந்து திரும்பி வந்தபோது குழலுக்குள் துருப் புள்ளிகள் இருந்தன, பிடியில் ஒரு கீறல். கேட்டேன், நீங்கள் கொடுத்தபோதே இருந்தது என்றார்கள். என்னிடம் சான்று எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நன்றாக எண்ணெய் பூசி, நான்கு பக்கமும் படம் எடுத்து, துப்பாக்கியின் வரிசை எண்ணையும் நிலையையும் ரசீதில் எழுதச் சொல்லி வாங்குகிறேன். அந்த மாதங்களில் நான் வங்கிக்குப் போகும் நேரத்தையும் வழியையும் அடிக்கடி மாற்றினேன். துப்பாக்கி திரும்ப வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உங்கள் மூன்று நாள் எது என்று உசிலம்பட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள் தம்பி.

கேட்டவர்: திருமங்கலம் நகை வணிகர்

மூவருக்கும் என் நன்றி. உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். பரப்பு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. மனு எழுதிவிட்டேன். அது வரும் வரை தேனிப் பயணத்துக்குத் துப்பாக்கி இல்லை. சரக்குக் காப்பீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் கடையில் இரண்டு ரிவால்வர்களையும் அந்தப் பிஸ்டலையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பிஸ்டல் ஸ்லைடை மூன்று முறை இழுத்ததில் இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டேன், விரல் வியர்வையில் வழுக்கியது. ரிவால்வர் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. வேட்டி மேல் நான் கட்டுவது வழக்கமான பச்சை பெல்ட்தான். அதில் உறையை மாட்டலாமா? கோவிலுக்குப் போகும் நாளில் என்ன செய்வது?

பதில் 4: ஓய்வுபெற்ற சுபேதார், உசிலம்பட்டி

பச்சை பெல்ட் பணத்துக்குச் சரி, துப்பாக்கிக்கு ஆகாது. அது துணி, 700 கிராம் தொங்கினால் ஒரு பக்கம் சாய்ந்து மடங்கி, உருவும்போது உறையும் சேர்ந்து வந்துவிடும். இரட்டைத் தோல் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான பெல்ட்டை வேட்டியின் மேல் இறுகக் கட்டி, வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் உறையை மாட்டுங்கள். வயிற்றின் முன்பக்கம் வேண்டாம். உட்காரும்போது குழல் தொடையை நோக்கும். உறை விசையை முழுவதும் மூட வேண்டும், மேலே ஒரு பட்டனோ பட்டையோ இருக்க வேண்டும்.

வாங்கியதும் முதல் பதினைந்து நாள் தோட்டா இல்லாமல், வீட்டுக்குள்ளேயே அணியுங்கள். தரையில் சம்மணம் போட்டு எழுந்திருங்கள். காரில் ஏறிச் சீட் பெல்ட் போட்டுக் கழற்றுங்கள். அந்தப் பட்டை துப்பாக்கியின் பிடியில் மாட்டுகிறதா பாருங்கள். குனிந்து நகைப் பெட்டியைத் தூக்கும்போது சட்டை மேலேறிப் பிடி தெரிகிறதா என்று வீட்டாரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டை நாலு அங்குலம் நீளம் கூட்ட வேண்டியிருக்கும். பிறகு ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில், ஏழு மீட்டர் தூரத்தில், விசை இழுப்பு முறையிலேயே சுட்டுப் பழகுங்கள். உரிமத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறதோ அதில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுங்கள். பெட்டியில் பூட்டி வைத்த தோட்டா யாருக்கும் சுடக் கற்றுத் தராது.

கோவிலுக்குப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டில், சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டியில் இருக்கட்டும், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும், இரண்டு சாவியும் உங்களிடம் இருக்கட்டும். மீனாட்சியம்மன் கோவிலில் 2018இலிருந்து செல்போனையே உள்ளே விடுவதில்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். அந்த நெரிசலில் உங்கள் இடுப்பில் எத்தனை பேர் கை படும் என்று உங்களுக்கே தெரியும். வாங்கியவுடன் துப்பாக்கியின் வரிசை எண்ணை உரிமத்தில் பதிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடிந்தால், காலித் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதையும் அதைவிட முக்கியமாகப் பார்த்துத் திரும்ப வைப்பதையும் நானே கற்றுத் தருகிறேன்.